உடு என்றாயா, ஊடு என்றாயா

மச்சான்,

நேற்றைய மழையில் பரண்மேல் தண்ணீர் இறங்கிவிட்டது. நனைந்ததை எடுத்து வெயிலில் போடலாம் என்று காலையில் ஏறினேன். மூலையில் இருந்த ரெக்சின் பைக்குள் உன் கயிறு. ஜிப்பைத் திறந்ததும் அந்தக் கிணற்றுச் சேற்று வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. இரண்டு வருடமாகியும் போகாத வாடை. "என்ன இது, செத்த நாத்தம்?" என்று கீழிருந்து என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

அரைமணி நேரத்தில் உன் மனைவி கலாவிடமிருந்து போன். "அண்ணே, அந்தக் கெணத்த மூடுறாங்கோ. லாரி லாரியா மண்ணு கொட்டிக்கினு கீறாங்க. பிளாட்டு கட்டப் போறாங்களாம். ஒரு சூடம் ஏத்திட்டு வந்துடலாம், வா." போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் சொல்ல முடியும் இதை?

நீ பாடியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், வீட்டில் திருநெல்வேலித் தமிழ். "இன்னா மச்சான், நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுற?" என்று பழகிய முதல் நாளே ஓட்டினாய். கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுத்துக் கொடுப்பது நமக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூச்சுக் காற்றுக்குப் பஞ்சர் கடைக்காரர் தள்ளிவிட்ட ஒரு கம்ப்ரசர், நீள டியூப், வாயில் கவ்விக்கொள்ள ஒரு ரப்பர். நீ தண்ணீருக்குள், நான் மேலே கயிற்றோடு. எனக்கு முங்கப் பயம். அதை நீ ஒருவரிடமும் சொன்னதில்லை.

கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். தொய்ந்தால் டியூபோடு பின்னிக்கொள்ளும். தலையை வெளியே தூக்கி நீ "உடு" என்று கத்தினால் மட்டும்தான் நான் தளர்த்தலாம். 'விடு' என்று ஒழுங்காகச் சொல்லேன் என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி குடிச்சிட்டு வந்தவன் வாயில 'வி' வருமா மாமே? மேல குந்திக்கினு இலக்கணம் பாக்குறியா?" என்றாய். சிரித்தேன். சிரித்த வாயைத் தைக்க வேண்டும்.

திருமுல்லைவாயில் தாண்டி அந்தப் பெரிய கிணற்றுக்கு மோட்டார் எடுக்கத்தான் போனோம். உன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலம் அது. அந்தக் கிணற்றுப் படியில் அவர் கால் பட விட்டதில்லை. யாராவது ஊற்றினால் கையேந்திக் குடித்தவர். "எங்கப்பன எறங்க உடாத கெணறு. நான் அடி வரைக்கும் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாய். மோட்டார் வந்தது. அதன் பின்னால் நீ வந்தாய், கையில் ஒரு சுட்ட மண் ஓடு. உள்ளங்கை தடிமன், வளைவாக இருந்தது. கிழக்குப் பக்கம் ஊற்றுக்கண் மண்ணை அரித்து அரித்து ஒரு குகையே ஆகிவிட்டது, ஆள் நுழையலாம், உள்ளே இந்த மாதிரி வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன என்றாய்.

போனில் தேடிப் படித்து, அது உறைகிணறு, அந்தக் காலத்து ஆட்கள் மண் வளையங்களை இறக்கிக் கட்டிய கிணறு என்று நான் சொன்னேன். அந்த ஓட்டில் எவனோ ஈரத்தில் அழுத்திய விரல் தடம் இருந்தது. உன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாய். அச்சாகப் பொருந்தியது. "கெணத்துக்குள்ள கெணறு கீதுன்னா, அத்த வெட்டுனவன் எங்கனா குடியிருந்திருப்பான் இல்ல? அவன் ஊடு எங்க மச்சான்?" என்றாய்.

ஊடு. வீட்டுக்கு நீ சொல்லும் அந்தச் சொல்லை எனக்கு முன்கூட்டியே சொல்லித்தான் வைத்திருந்தாய். வாரம் முழுக்க அதையேதான் பேசினாய். எனக்குத்தான் காது இல்லை.

அந்தக் குகைக்குள் பார்க்கவென்றே அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். உச்சி வெயில். கம்ப்ரசர் தடதடவென்று அலறுகிறது. கீழே தண்ணீருக்கு வெளியே உன் தலை வந்தது. ரப்பரைப் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு சொல்லைக் கத்தினாய். அது கிணற்றுச் சுவரில் மோதி மோதி என்னிடம் வந்தபோது 'உடு' என்றுதான் கேட்டது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய் என்பதை நான் பார்த்தேன். கயிறு கேட்கிறவன் ஏன் சிரிக்கிறான் என்று யோசிக்கவில்லை. நாலைந்து முழம் விட்டேன். நீ ரப்பரைக் கவ்விக்கொண்டு உள்ளே போனாய்.

கொஞ்ச நேரத்தில் நீர்க்குமிழ் நின்றது. இழுத்தேன். வரவில்லை. வெறி பிடித்தவன் போல இழுத்தேன். நான் இழுக்க இழுக்க டியூப் நெரிந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? மேலேயே நின்றேன், மச்சான். குதிக்கவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கத்தினேனே தவிர, குதிக்கவில்லை.

உன்னை எடுத்துப் போட்டுவிட்டு, தீயணைப்பு வண்டியில் வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "உள்ள வீடு மாதிரி செவுரு நிக்குது சார். பெரிய பெரிய செங்கல்லு. அதுலதான் கயிறும் டியூபும் சுத்திக்கினு இருந்துச்சு." வீடு என்று அவர் சொன்ன அந்த நொடியில்தான் எனக்குக் காது திறந்தது.

கலா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "கடைசியா அது இன்னாண்ணே சொல்ச்சு?" என்றாள். 'ஊடுன்னு சொன்னான்' என்றேன். என் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஊட்டுக்கு வரணும்னு சொல்லிக்கீது, எங்க நெனப்பாவே இருந்துகீது." நீ சொன்னது அந்த வீட்டை இல்லை என்று நான் திருத்தவில்லை. இரண்டு வருடமாகத் தெருவெல்லாம் அதையே சொல்லிச் சொல்லித்தான் அவள் நிமிர்ந்து நடக்கிறாள்.

போன மாதம் மொட்டைமாடியில் காலியாகக் கிடந்த தண்ணீர் டேங்குக்குள் தலையை விட்டு 'உடு', 'ஊடு' என்று மாற்றி மாற்றிக் கத்திப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் என் மனைவியைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது, மச்சான். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

இன்றைக்குப் போனபோது கிணறு பாதிக்கு மேல் தூர்ந்துவிட்டது. கீழே பழைய கட்டடம் இருக்கிறது, யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள் என்று மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "எல்லாக் கெணத்துலயும் செவுரு இருக்கத்தான் சார் செய்யும்" என்றார். நீ பார்த்த வீட்டை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. ஏன் சிரித்தாய் என்று இனி ஒருவருக்கும் தெரியாது. காற்றில் சூடம் பற்றவே இல்லை. மூன்றாவது குச்சியைக் கிழிக்கும்போது கலாவிடம் சொல்லிவிட்டேன்.

"அவன் ஊடுன்னுதான் சொன்னான் கலா. ஆனா உங்க வீட்டச் சொல்லல. உள்ள பழைய வீடு ஒண்ணப் பாத்துட்டுச் சொன்னான். எனக்கு உடுன்னு கேட்டுச்சு. நான் கயித்த விட்டுட்டேன்."

செருப்பைக் கழற்றி அடிப்பாள் என்று நின்றேன். அவள் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ எங்க நெனப்பு இல்லியாண்ணே அதுக்கு?"

உன்னையும் எடுத்துக்கொண்டு, உன் கடைசிச் சொல்லையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் நான் செத்திருப்பேன். இரண்டில் எது சரி என்று நீதான் சொல்ல வேண்டும், நீதான் இல்லையே.

உன் கயிற்றை அங்கேயே போட்டுவிட வேண்டும் என்று கொண்டுபோயிருந்தேன். ஒரு முனையை உள்ளே இறக்கிவிட்டு மறுமுனையைப் பிடித்தபடி விளிம்பில் நின்றேன். அடுத்த லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. கலா என் முழங்கையைத் தொட்டாள்.

"உடுண்ணே."

இந்தத் தடவை தெளிவாகக் கேட்டது. குறில்தான். கயிற்றைச் சொன்னாளா, நடந்ததைச் சொன்னாளா, என்னையே வேண்டாம் என்றாளா, தெரியவில்லை. ஆனால் சொல் சரியாகக் கேட்டது.

கைதான் விடவில்லை. மண் விழுவதற்குள் மளமளவென்று இழுத்துச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் அதன் ஒரு முனை என் இடதுகையில் சுற்றியிருக்கிறது, ஈரமாக. தொய்ய விடவில்லை, மச்சான்.