கர்வில் சேராத மூன்று புள்ளிகள்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஷிஃப்ட் முடித்த ஒருவர் இடித்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். அவர் சட்டையில் பழைய கூலண்ட் நாற்றம். இரும்பை அறுக்கும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, அந்தப் பால்நிறத் தண்ணீர். மாற்றாமல் விட்டால் அழுகிய முட்டைபோல நாறும். கல்லூரியில் நம் துறை லேபில் அதை யாரும் மாற்றியதே இல்லை. நீ எப்போதும் அப்படித்தான் நாறினாய். எதிரே இருந்தவர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் இறங்கினேன்.

எம்.எஸ். பை ரிசர்ச் என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் புரியாது. உன் ஊர் சேரப்பணஞ்சேரியில் "பையன் இன்னும் வேலைக்குப் போவலையா?" என்று கேட்பவர்களிடம் உன் அப்பா, "அவன் கண்டுபுடிக்கிற படிப்பு படிக்கிறான்" என்பார். முதல் செமஸ்டரில் நாம் கண்டுபிடித்தது, நம் ஆய்வுக்கு வழிகாட்டியான கைடின் மகனுடைய பள்ளிக் கண்காட்சிக்கு எரிமலையைப் பொங்கவைப்பது எப்படி என்பதை. இன்ஜினியரிங் முடித்த இரண்டு பேர் உட்கார்ந்து சமையல் சோடாவில் வினிகர் ஊற்றினோம். இரண்டாம் பரிசுதான் வந்தது என்பதற்குத் திட்டும் வாங்கினோம்.

"நம்ம மொத பேப்பரே இதான் மச்சி. ரிவ்யூவர் ரிஜெக்ட் பண்ட்டாரு," என்றாய் நீ.

பிறகு ப்ராஜெக்ட் வந்தது. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி, வேன் சீட்டுக்கு அடியில் வைக்கும் பிராக்கெட் செய்கிறது. அதன் வெல்டிங் எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பது உன் ஆய்வு. துண்டை மிஷினில் மாட்டி, இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, உடையும்வரை எண்ண வேண்டும். உடைந்த துண்டு ஒவ்வொன்றும் கிராஃபில் ஒரு புள்ளி; புள்ளிகளை ஒட்டி இழுக்கும் வளைகோடுதான் கர்வ். அவ்வளவுதான் வேலை. ஆனால் கம்பெனி மேனேஜர்கள் ரிவ்யூவுக்கு வரும் நாளில் எந்தக் கடையில் முந்திரி பக்கோடா வாங்குவது என்று கைடு யோசித்த நேரத்தில் பாதிகூட அந்த வெல்டிங்குக்குக் கிடைத்ததில்லை.

உன் துண்டுகளில் மூன்று, மற்றவை தாங்கியதில் பாதிகூடத் தாங்காமல் உடைந்தன.

"அதெல்லாம் அவுட்லையர்பா. எடுத்துடு. கர்வ் அழகா வரும்," என்றார் கைடு. மற்றவற்றோடு ஒட்டாத புள்ளிக்கு அவர்கள் பாஷையில் அந்தப் பெயர். பிடிக்காத மனிதனுக்கும் அதே பெயர்தான்.

"மிஷின் சரியாத்தான் சார் இருக்கு. வெல்டுதான் உள்ள பொக்கையா இருக்கு."

"இத காட்டினா அடுத்த ப்ராஜெக்ட் எவன் தருவான்?"

டீக்கடையில் நீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாய். "எங்கப்பா ஓட்ற வேன்ல ஷிஃப்ட்டுக்குப் போறவங்கோ குந்திகினு போற சீட்டுடா அது. ஒடையறத எழுதக்கூடாதுன்னா இன்னாத்துக்குடா இழுத்துகினு கீறோம்?"

நீ எடுக்கவில்லை. அவர் தீசிஸில் கையெழுத்துப் போடவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்த பிறகும் தினமும் வந்து அவர் அறை வாசலில் நின்றாய். அப்படி வந்த ஒரு காலையில்தான், சாலையோரம் கேட்பாரற்று நிறுத்தியிருந்த டிரெய்லரைத் தாண்டுவதற்காக உன் பைக்கை நடுச்சாலைக்கு ஒடித்தாய். பின்னால் லாரி. இந்தச் சாலையில் அது செய்திகூட ஆவதில்லை. மதியத்துக்குள் டிராஃபிக் சரியாகிவிட்டது.

செமினார் ஹாலில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். துக்கத்துக்கென்று தனியாக ஒரு ஸ்லைடு செய்யக்கூட யாருக்கும் பொறுமையில்லை. வழக்கமாக ரிவ்யூவுக்குப் போடும் அதே டெம்ப்ளேட். முதலில் கல்லூரி முத்திரை, பிறகு உன் படம், பிறகு 'ஆய்வுப் பங்களிப்பு' என்று உன் கிராஃப். கர்வ் அழகாக இருந்தது. மூன்று புள்ளிகளைக் காணோம். உயிரோடு இருந்தவரை நீ எடுக்க மறுத்ததை, மாலை போட்டுவிட்டு எடுத்திருந்தார்கள். கைடு தொண்டையைச் செருமிக்கொண்டு "ஹீ வாஸ் வெரி சின்சியர்" என்றார். கடைசி ஸ்லைடை மாற்ற மறந்துவிட்டார்கள். 'தேங்க் யூ. எனி கொஸ்டின்ஸ்?' என்று திரை முழுக்க நின்றது.

நான் கையைத் தூக்கினேன்.

"மூணு பாயிண்ட் மிஸ்ஸிங் சார்."

யாரோ ப்ரொஜக்டரை அணைத்தார்கள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் இருந்த உன் அப்பா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "இன்னாப்பா கேட்ட நீ?"

"அவன் ஒடச்ச மூணு துண்ட காணோம்னு கேட்டேன்ப்பா."

"ஒடச்சிட்டானா? அதுக்குத்தான் கையெழுத்துப் போடாம நிக்க வெச்சாங்களா?"

"அதுக்குத்தான்ப்பா."

மறுநாள் கைடு கூப்பிட்டார். "அஞ்சலிக் கூட்டத்துல டெக்னிக்கல் கொஸ்டின் கேட்பியா? அறிவில்ல?"

"ஸ்லைடுலயே கேக்கச் சொல்லியிருந்தது சார்."

"உன் தீசிஸும் என் டேபிளுக்குத்தான் வரணும். ஞாபகம் வெச்சுக்க."

வைத்துக்கொண்டேன். என் ஆய்வும் அதே பிராக்கெட்டில்தான். உன் மூன்று புள்ளிகளையும் உன் பெயரிட்டு அதில் சேர்த்தேன். "எடுத்துட்டு வா" என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் அப்படியே கொண்டுபோய் வைத்தேன். மறுபடியும் வந்தது. துறையில் இப்போது என்னோடு டீ குடிக்க யாரும் வருவதில்லை. அவரவருக்கு அவரவர் கையெழுத்து வேண்டும். அவர்கள்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை; கோபப்படவும் ஒருவர்மேல் கொஞ்சம் மதிப்பு வேண்டும்.

போன வாரம், கம்பெனி உனக்கு அனுப்பியதில் மிச்சமிருந்த துண்டுகளை மிஷினில் மாட்டினேன். அதில் ஒன்று உடைந்தது. உன்னுடையவற்றைப் போலவே சீக்கிரமாக, அதே இடத்தில், அதே பொக்கையோடு. சிரித்துவிட்டேன். பிறகு மிஷின் பக்கத்தில் நீ வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்த்தேன்.

நாளை தீசிஸை மறுபடியும் அவர் மேசையில் வைக்கிறேன். இப்போது அதில் நான்கு புள்ளிகள். பட்டம் வராமலே போகலாம். உன் துண்டு ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. அதன் உடைந்த முனை பையைக் கிழித்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். அதை மறுபடியும் அதே பையில்தான் போட்டுக்கொண்டேன்.