அளக்காமல் அனுப்பிய ரத்தம்

என் கன்னியம்மா அண்ணிக்கு,

நீ போன அன்றைக்கு நான் ஒப்பாரியில்கூட வாய் திறக்கவில்லை என்று ஊரில் இன்னும் குறை பேசுகிறார்கள். நாத்தனாருக்கு நெஞ்சு கல் என்றார்கள். பேசட்டும். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது இன்னும் ஆறவில்லை.

போன வாரம் உன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்ன ஒரு சொல் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. அதற்கு முன்னால் பழசைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். உனக்குத் தெரியாத பாதி என்னிடம் இருக்கிறது.

அந்த வருஷம் நீயும் நானும் ஒன்றாக உண்டாகியிருந்தோம். நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன், நீ அந்த வீட்டு மருமகள். மெட்ராஸிலிருந்து வெள்ளை வேனில் டாக்டர்கள் வந்து, நம் குப்பத்துக் கர்ப்பிணிகளின் ரத்தத்தை ஆராயப்போகிறோம் என்று பஞ்சாயத்து ரேடியோ ரூமில் மேசை போட்டார்கள். முதலில் விரல் நுனியில் ஒரு குத்து. அதைப் பார்த்துவிட்டு யார் வேண்டும், யார் வேண்டாம் என்று பிரிப்பார்கள். வேண்டும் என்றவர்களுக்கு மாதாமாதம் கை நரம்பில் ஊசி போட்டுக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள்.

என்னை உட்காரச் சொன்னார்கள். உன்னைப் பார்த்து டாக்டரம்மா, "நீங்க போகலாம்மா" என்றாள். அவ்வளவுதான்.

உனக்கு முகமெல்லாம் சிரிப்பு. முந்தானையை உதறிக்கொண்டு, "நா தப்ச்சிகினேன்மே. எனுக்கு ரத்தம் நல்லா கீதாம். உன்னத்தான் புட்ச்சி வச்சிகினாங்க" என்று என் தோளில் இடித்துவிட்டுப் போனாய். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அண்ணி. போகலாம் என்றார்கள். ஊசியிலிருந்து தப்பியவள் நல்ல ரத்தக்காரி என்று நீ நினைத்தாய், அம்மா நினைத்தாள், ஊரே நினைத்தது. நானும்தான். வேறு எப்படி நினைப்போம்?

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் ராஜ உபசாரம். "புள்ள ரத்தம் குட்துட்டு வந்துகீது" என்று அம்மா கறிக்கடையில் சொல்லிவைத்து, ரத்தம் ஊறுவதற்கு ஆட்டு மண்ணீரல், அதுதான் சுவரொட்டி, வாங்கி வந்தாள். மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தது நீ. ஒரு துண்டு நீயும் வாயில் போட்டிருக்கலாம். "எனுக்கு இன்னாத்துக்கு? ரத்தம் போனவ நீ துன்னு" என்றாய்.

ரத்தம் நன்றாக இருக்கிற மருமகளுக்கு ஓய்வு எதற்கு? விடிந்ததும் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக்கு நடந்தாய். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாய் என்று கூட வந்தவர்கள் பின்னால்தான் சொன்னார்கள். அரிசிப் பானையில் கைவிட்டு வேகாத அரிசியை அள்ளி மென்றுகொண்டே இருப்பாய். மசக்கை என்று கேலி செய்தோம்.

என் ரத்தத்தில் அப்படி என்னதான் பார்க்கிறார்கள் என்று ஊசி போடுகிற பெண்ணிடம் ஒருநாள் கேட்டேன். மீன் விற்கிற ஊருக்குத் தகுந்தாற்போல் சொன்னாள். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கிற கூடைகள் இருக்கின்றனவாம். அவை மொத்தம் எவ்வளவு இரும்பைத் தாங்கும், எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எவ்வளவு காலி என்று அளக்கிறார்களாம். உடம்பில் இரும்பு குறையக் குறையக் காலிக் கூடைகள் பெருகுமாம். வந்து உன்னிடம் சொன்னேன். "கடல்ல மீன்பாடு இல்லன்னா கூட காலிதான். அத்த அளக்க வேன்ல வர்ணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பு ஊதப் போனாய்.

பிரசவத்தில் மற்றவர்கள் தாங்குகிற ரத்தப்போக்கை உன்னால் தாங்க முடியவில்லை. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் ஏற்றினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் என் கையைப் பிடித்திருந்த உன் கை விட்டுப்போனது. குழந்தை அம்மா மடியில் கத்திக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்ததும் அடுத்த ஊசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன், கேட்பதற்காகவே போனேன். எங்கள் அண்ணியை ஏன் வேண்டாம் என்றீர்கள்?

டாக்டரம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்களுக்கு ரத்தம் ரொம்பக் கம்மிம்மா. அவ்வளவு கம்மியா இருக்கறவங்கள அளந்துகிட்டே வெச்சிருக்கக் கூடாது, உடனே வைத்தியம் பண்ணணும். அதனாலதான் ஆராய்ச்சில சேர்க்கல."

"அத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பாங்களே" என்று நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஊசி போடுகிற பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காலிக் கூடைகளை அளக்க வந்தவர்கள், ஊரிலேயே காலியான கூடையை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு ஒரு நியாயமும் வைத்திருக்கிறார்கள். நியாயமாகவே இருக்கட்டும். அதை உன்னிடம் சொல்ல ஒருத்திக்கு வாய் வரவில்லையே? நீ வதக்கிய சுவரொட்டியைத் தின்றதற்காக என்னை நானே திட்டிக்கொள்ள மாட்டேன், அண்ணி. அந்தத் திட்டு போய்ச்சேர வேண்டிய இடம் வேறு.

அண்ணன் மறுபடி கட்டிக்கொண்டது உனக்குத் தெரிந்திருக்கும். வந்தவளைக் குறை சொல்வதற்கில்லை. என் வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் செல்வி என்னிடம்தான் வளர்கிறாள், என் பையனோடு இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உன் மூக்கு, உன் வாய்த்துடுக்கு.

போன வாரம் அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வேறொரு வேன் வந்தது. பிள்ளைகளின் ரத்தத்தில் இரும்பை அளக்கிறார்களாம். மத்தியானம் பையை ஆட்டிக்கொண்டு வந்தாள் செல்வி. "அத்த, என்னப் போவ சொல்ட்டாங்க. நா தப்ச்சிகினேன்" என்றாள். அதே சிரிப்பு. அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இவள ஏன் வேணாம்னீங்க?" என்று ஓர் இளம் டாக்டரிடம் கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் பெட்டியைத் தூக்கி வைத்தபடியே, "ஜலதோஷக் காய்ச்சல் இருக்கும்மா. காய்ச்சலோட அளந்தா அளவு தப்பா வரும். விரல்ல பார்த்தோம், ரத்தம் நல்லாவே இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். ஒரு பெட்டியைத் தூக்கி வைக்கிற நேரம். அவருக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள், பள்ளிக்கூட வாசலில் நின்று, உனக்காக அன்றைக்கு அழாததையெல்லாம் அழுதேன். இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்றுக்காகவா அண்ணி நீ போனாய்?

செல்வியும் ஒருநாள் வயிற்றுப்பிள்ளையோடு ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் உட்காருவாள். எவர் "போகலாம்மா" என்றாலும், ஏன் என்று சொல்லும்வரை நான் அவளை எழுந்திருக்க விடமாட்டேன். நான் இல்லாமல் போனாலும் அவளே கேட்கிற மாதிரி வளர்க்கிறேன். வீட்டில் சுவரொட்டி வதக்கினால் முதல் துண்டு அவள் வாய்க்குத்தான்.

உன் மகளுக்கு அத்தையும் அம்மாவுமாக இருக்கிற
உன் நாத்தனார்,
தெய்வானை