பதினைந்து எல், அதற்குப் பிறகு ஓர் எண்

சிக்னோர்,

கீழ்வீட்டுத் தச்சர் இன்று காலை ஒரு கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடிவரை மணம் ஏறி வந்தது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு யன்னலைச் சாத்தினேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தால் இதை எழுதத் துணிந்திருக்கமாட்டேன்.

2003இல், இந்த இத்தாலித் தீவில், பகேரியாவிலிருந்த உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். முதல் நாள் அந்த அறையைத் திறந்து காட்டினீர்கள். ஆளிவிதை எண்ணெய் மணம், சுவர் முழுக்கத் துவக்குகள். யாழ்ப்பாணத்தில் துவக்கைக் கண்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிய நான், வாசலிலேயே நின்றுவிட்டேன். "இவை சுடாது, எல்லாம் குவெஸ்தூராவில் பதிந்தவை" என்றீர்கள். பொலிசில் பதிந்தால் துவக்கு சாதுவாகிவிடுமா என்று மனதுக்குள் நினைத்தேன். ஆனாலும் அடுத்த நாளும் வந்தேன். ஒரேத்தோ வீதியில் வாடகை வீடும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் வந்துதானே ஆகவேண்டும்.

உங்கள் கண்பார்வை நடுவிலிருந்து கரைந்துகொண்டிருந்தது. என் முகத்தின் ஓரங்கள் தெரியும், முகம் தெரியாது என்பீர்கள். சமைக்கவும் கூட்டவும் வந்தவள், கொஞ்சங் கொஞ்சமாக உங்களுக்காக இரும்பை வாசிப்பவளானேன். சி என்ற எழுத்தும் அதன் வயிற்றுக்குள் ஓர் அம்பும் இருந்தால் கனடாப் படையின் துவக்கு. ஆனால் அது மட்டும் போதாது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கழித்து விற்றபோது ஒன்றின் மரக்கட்டையை இன்னொன்றில் பூட்டியிருப்பார்கள். "ஒரு துவக்குக்குள் மூன்று துவக்கு இருக்கும், எல்லாத் துண்டையும் பார்" என்பீர்கள். துண்டு துண்டாகக் கழற்றி வைப்பீர்கள். நான் பூதக்கண்ணாடியால் பார்த்துச் சொல்வேன்.

நீங்கள் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். அந்தப் போர்க்காலத்தில் உங்கள் ஊர் முற்றத்தில் மூன்று நாள் தங்கிய கனடாக்காரன் ஒருவன், பதினொரு வயதுப் பையனான உங்களிடம் தன் துவக்கைத் துடைக்கக் கொடுத்தான். அதன் எண் 15 எல் 3871. அடுத்த கிழமை மலையடியில் அவன் இறந்துபோனான். அவன் முகமே காணாத மகன் ஒருவர் கனடாவில் இருந்தார். கடிதங்கள் எழுதி அவரைக் கண்டுபிடித்திருந்தீர்கள். அந்தத் துவக்கு இந்தத் தீவில்தான் எங்கோ கிடக்கிறது, கண் போவதற்குள் அவரிடம் கொடுத்துவிடவேண்டும் என்பீர்கள்.

2006 மாரியில் உள்ளூரிலிருந்து ஒரு குடும்பம், இறந்த தகப்பனின் வைக்கோல் அறையில் கிடந்தது என்று ஒன்றைக் கொண்டுவந்து தந்தது. அந்தக் கிழமைதான் கண் வைத்தியர் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். இரண்டு நாளாக நீங்கள் சாப்பிடவில்லை. கட்டைக்கு முன்னாலுள்ள இரும்பில் எண்ணெய்த் துணியால் தேய்த்தேன். பதினைந்து வந்தது, எல் வந்தது. நீங்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டீர்கள். அடுத்த எண் எட்டு. துரு மறைக்கவில்லை, நன்றாகவே தெரிந்தது. பிறகு எட்டு, ஏழு, ஒன்று.

நான் மூன்று என்றேன்.

நிச்சயமாகவா என்று கேட்டீர்கள். நிச்சயமாக என்றேன். அன்றைக்கு இரண்டு தட்டு மக்கரோனி சாப்பிட்டீர்கள். ஒரு கிழவனைச் சாப்பிடவைத்த பெருமையோடுதான் நான் ரயில் ஏறினேன்.

அந்த மகன் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. வசந்தத்தில் வந்தார், அறுபது கடந்த, கூச்சமுள்ள மனிதர். துவக்கை மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, தெரிந்த கொஞ்ச இத்தாலியனில் எண்ணை உரக்க வாசித்தார். எட்டு என்றார். நீங்கள் மூன்று என்று திருத்தினீர்கள். அவர் திரும்பப் பார்த்துவிட்டு, மெதுவாக, எட்டுத்தான் என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். கோபமாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "நீ எட்டு என்றுதான் சொல்லியிருப்பாய். எனக்குத்தான் மூன்று என்று கேட்டிருக்கிறது. அப்படித்தானே?" என்றீர்கள்.

ஓம் என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். நாளைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் சப்பாத்தைக் கழற்றியபடியே, "விசர்க்கதை கதையாதை. இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கிற நேரம். அந்தாள் வேலையால நிப்பாட்டினால் நாங்கள் எங்கை போறது?" என்றார். அவர்மேல் பழிபோட முடியாது. அவர் அப்படிச் சொல்லவேண்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு நீங்கள் உங்களை நம்பவில்லை. அறுபது வருடம் ஓர் எண்ணைத் தலைக்குள் வைத்திருந்தவர், அடுப்பை அணைத்தேனா, மாத்திரை போட்டேனா, இப்போது சொன்னதை முன்பே சொன்னேனா என்று என்னைக் கேட்கத் தொடங்கினீர்கள். ஒன்றையும் நீங்கள் மறந்திருக்கவில்லை. இல்லாத சத்தம் கேட்ட காதை, வேண்டியதைக் கற்பித்துக்கொண்ட மூளையை எண்ணிப் பயந்தீர்கள். அந்த அறையைப் பூட்டச் சொன்னீர்கள். மகளை மிலானோவிலிருந்து வரவழைத்து, "எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது, தனியே இருக்கமாட்டேன்" என்று நீங்களே சொன்னீர்கள். கண்ணும் தெரியாத மனிதர் இப்படிச் சொன்னால் மகள் என்ன செய்வார்? தன் ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தார். துவக்குகளைக் குவெஸ்தூராவில் ஒப்படைத்தார்கள். பெட்டிகளைக் கட்டியவள் நான். காரில் ஏறுமுன் என் கையைப் பிடித்து, இவ்வளவு நாளும் உண்மையான கண்ணாக இருந்தாய் என்றீர்கள். பத்து மாதத்தில் நீங்கள் இறந்த செய்தி வந்தது.

மகள் இப்போதும் இடைக்கிடை என்னுடன் கதைப்பார். போன மாதம், சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடியதாகவும், அப்பாவின் நோய் தனக்கும் வருகிறதோ என்று நித்திரை வருவதில்லை என்றும் சொன்னார். அன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று யன்னலைச் சாத்திய கையோடு அவரை அழைத்தேன். எட்டையும் மூன்றையும், ஓம் என்று சொன்னதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "அப்படியென்றால் அங்கே விட்டபோது அப்பா தெளிவாகத்தான் இருந்தாரா?" என்று கேட்டார். தெளிவாகத்தான் இருந்தார் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஒரு பயத்தை அவரிடமிருந்து எடுத்தேன், சிக்னோர். அதைவிடப் பாரமான ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டேன். சொல்லிவிட்டால் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. இனி அதை அவரும் சுமப்பார்.