பெட்டியும் ஜெசிந்தா தொண்டையும்

செப். 12, வியாழன்
காலையிலிருந்து மழை. மாதா கோயிலுக்காகச் செய்த ஸ்பீக்கர் பெட்டி இன்னும் வழிக்கு வரவில்லை. பெரிய ஸ்பீக்கர் தனியாகப் போட்டால் நன்றாகக் கேட்கிறது. சின்னதும் அப்படியே. சத்தத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற கிராஸ்ஓவர் வழியாகச் சேர்த்தால் குரல் மட்டும் காணோம். தபலா வருகிறது, ஜால்ரா வருகிறது, பாடுகிற ஆள் குடத்துக்குள்.

ஞாயிறு திருவிழாப் பூசை. பாட்டெல்லாம் இந்தி, இங்கே குடியேறின ராஞ்சிக்காரர்கள் பாடுவது. தமிழில் ஒன்றே ஒன்று. வருஷக்கணக்காகக் கேட்டு இந்தத் தடவைதான் என் மனைவிக்குக் கிடைத்திருக்கிறது. அதனால் ஜெசிந்தாவையே மைக்கில் பாடவைத்துச் சோதனை.

செப். 13, வெள்ளி
மழை இல்லை. புழுக்கம். கிராஸ்ஓவருக்கு வேறு கெப்பாசிட்டர் கேட்டால் பஜாரில் “மெயின்லேண்ட்லேர்ந்து வரணும், அடுத்த கப்பல்.” இந்தத் தீவில் எதைக் கேட்டாலும் இதே பதில். இருந்ததில் இரண்டைச் சேர்த்துச் சால்டர் வைத்தேன். அதே குடம்.

“சத்தமா பாடு. தொண்டையத் தொறந்து.”
“தொறந்துதாம் பாடுதேன். ஒங்க பெட்டிதாம் மூடிக் கெடக்கு.”

பக்கத்து க்வார்ட்டர்ஸ் பிஸ்வாஸ் ஜன்னலில் தலை நீட்டி, “அரே பாபி, ஏக் ஹி லைன் கித்னி பார்?” அதே வரி எத்தனை தடவையாம். பாட வைக்கிறவனைக் கேட்க மாட்டார்.

வாங்க வேண்டியது: சால்டர், முட்டை, கொசுவத்தி.

செப். 14, சனி
ச்சே. சின்ன ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் இரண்டும் இடம் மாறியிருக்கிறது. மாட்டினது சாட்சாத் நான்தான். பெரியது முன்னால் தள்ளும்போது சின்னது பின்னால் இழுத்திருக்கிறது. இரண்டும் சேருகிற இடத்தில்தான் அவள் குரல். அதைத் தின்றுவிட்டன. கெப்பாசிட்டர் மேல் பழி, கப்பல் மேல் பழி, அவள் தொண்டை மேல் பழி. எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம்.

மாற்றி மாட்டிவிட்டு ஒரே ஒரு தடவை பாடு என்றேன். வாயைத் திறந்தாள். வெறும் காற்று. என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

வாங்க வேண்டியது: அதிமதுரம், பனங்கற்கண்டு. முட்டை மறந்தாயிற்று.

செப். 15, ஞாயிறு
வெயில். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாடினாள்.

பெட்டி கச்சிதம். கரகரப்பு, நடுவில் உடைந்தது, இருமலை அடக்க எச்சில் விழுங்கினது, எல்லாம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

பூசை முடிந்து ஃபாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சவுண்ட் சூப்பர், அந்தோணி. ஒண்ணு விடாம கேட்டுச்சு.”

ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றாள்.