முடியாத இருபத்தோரு நாள்

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறார். இங்கே நான் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? மருந்தை நிறுத்திவிடாதே.

போன வாரம் நான் நம் ஊருக்குப் புறப்பட்ட கதையைக் கேட்டால் சிரிப்பாய். பச்சைப்பிள்ளைகளுக்கு வரும் வைரஸை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா முப்பது வருஷமாக ஆராய்கிறார். பிறந்து இருபத்தோரு நாளுக்குள் பிள்ளையின் எச்சிலைப் பஞ்சில் எடுத்தாக வேண்டும். தாண்டினால் கிருமி கருவிலேயே வந்ததா, பிறகு ஒட்டியதா என்று சொல்ல முடியாதாம். முன்பே தெரிந்தால் காது கேளாமல் போவதைத் தடுக்கப் பார்க்கலாம். வீடு வீடாகப் போய் அதை எடுத்து வருவதுதானே என் வேலை; எந்தப் பிள்ளை எந்தத் தெருவில், இன்று எத்தனையாவது நாள் என்பதெல்லாம், எழுத்து தெரியாத எனக்கு மனப்பாடம்.

ஊருக்கு வர டாக்டரம்மாவிடம் லீவு கேட்டேன். "போயிட்டு வாங்க பெரியவரே. என் பொண்ணு கல்யாணத்துக்கே நான் பந்தி முடிஞ்சப்புறம்தான் போய் நின்னேன். நீங்களாவது போங்க" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், பால்காரர் பேரனுக்கு அன்று இருபதாம் நாள் என்று ஞாபகம் வந்தது. அவர்கள் வீடு மாறியது எனக்கு மட்டும்தான் தெரியும். இறங்கிவிட்டேன்.

அந்த வீட்டுக்குப் போய் எச்சில் எடுத்து வந்த பஞ்சை நீட்டியதும், "தப்பிச்சுப் போகக்கூடத் தெரியலையா உங்களுக்கு?" என்றார் டாக்டரம்மா. அந்தப் பிள்ளைக்குக் கிருமி இருந்தது. அதற்குள் இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டன. இனி எந்த பஸ்ஸில் ஏற எனக்கு மனசு துணியும்?

இரண்டு பனியன் அனுப்பு. உன் பழைய போர்வையையும் வை, இங்கே தூக்கம் பிடிப்பதில்லை.

நர்ஸம்மாவைக் கூப்பிடுகிறார்கள். ஒன்றே ஒன்று: பெரியவனை விட்டு, 'உடனே வா' என்று கோபமாக ஒரு கடிதம் எழுதி அனுப்பு. டாக்டரம்மா என்னைப் போகச் சொல்லி விட்டுவிட்டார். நீ பிடித்து இழுத்தால்தான் வருவேன்.