லேபிள் வெட்டிய பொம்மை

சூலூர்

அன்புள்ள பிரியாக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் நோய்நொடியில்லாமல் இருக்க மாசாணியம்மன் துணை. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் பார்சலோடு இதையும் எழுதி வைக்கிறேன். தறிக்கு நூல் வரவில்லை என்று உங்கப்பா உர்ரென்று இருக்கிறார், மற்றபடி குறையொன்றுமில்லை. எனக்குத்தான் வயிற்றெரிச்சல், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிறு கோயமுத்தூரில் நீ பார்க்கிற அந்த ஜப்பான் கார்ட்டூன், அனிமே ரசிகர்கள் கூடுகிற விழா நடந்தது. உன் பிறந்தநாளுக்கு நீ ஆசைப்பட்ட அந்த நரிக்காதுப் பெண் பொம்மையை வாங்கி அனுப்பலாமென்று நானும் கனகம் சித்தியும் பஸ் ஏறினோம். உள்ளே பச்சை முடியும் அட்டைக் கத்தியுமாக வேஷம் கட்டின பிள்ளைகள் ஒரே கூட்டம், கடைக்குக் கடை அதே பொம்மை. எது அசல் எது போலி என்று எனக்கா தெரியாது, திருப்பூர்ச் சரக்கைப் பார்த்தே வளர்ந்தவள். ஒரு கடையில் துணிப் பொம்மையின் லேபிளைப் பாதியில் வெட்டியிருந்தார்கள். லேபிள் வெட்டினதுதானே வெளிநாட்டுக்குத் தைத்து மிஞ்சின எக்ஸ்போர்ட் சரக்கு, பளபளவென்று லேபிள் தொங்கினால் லோக்கல், இது நம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அசலைப் பிடித்துவிட்டேன் என்று பெருமையாக வாங்கினேன்.

உன் சித்தி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா, இது டூப்ளிகேட்டுங்க, வாங்கிப்போட்டீங்களே என்றாள். கண்ணில் தையல் பிசிறடிக்கிறதாம், காது ஒன்று ஏற்றமாம், கம்பெனி பெயர் இல்லாததை மறைக்கத்தான் லேபிளையே வெட்டியிருக்கிறார்களாம். சுற்றி நின்ற பிள்ளைகள் அவளிடம் விவரம் கேட்க ஆரம்பித்துவிட்டன. உனக்கெப்படித் தெரியும் என்றதற்கு, நம்ம பிரியா அம்மணி சொல்லிக்கொடுத்ததுதானுங்க, வாரா வாரம் வீடியோவுல மணிக்கணக்கா பேசுவாளே என்றாள். என்னிடம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு வைத்துவிடுகிறவள், அவளிடம் மணிக்கணக்காகப் பேசுகிறாய். பெற்றது நான், அம்மணி அவளுக்கா? அவள் வேறு கடையில் அசலைத் தேடி வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நான் சூலூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அவள் நல்லவள்தான், தங்கமானவள், எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் தபால் செலவு மிச்சம் என்றார் உங்கப்பா. முடியாதுங்க என்று தனித்தனியாகத்தான் கட்டினேன். என் பார்சலில் பருப்புப்பொடியும் இருக்கிறது, உனக்கு எவ்வளவு காரம் வேண்டுமென்று சித்திக்குத் தெரியாது. ஈரத்தலையோடு வெளியே போகாதே, வேலை வேலை என்று ராச்சோற்றை விடாதே.

ஆயுசும் ஆரோக்கியமுமாக, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும் கண்ணு. ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு முன்னால் எனக்குப் போன் போடு. அந்த நரிக்காதுக்காரி யார், எந்த ஊர்க்காரி, உனக்கு ஏன் அவளை அவ்வளவு பிடிக்கும், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லு. அம்மாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்றுதானே சொல்லாமல் விட்டாய். தெரியாதவளுக்குத்தானே சொல்ல வேண்டும்.

உன்னைப் பெற்ற அம்மா,
புவனா