பூசணிக்காயில் மீன் இல்லை என்றேன்

அன்பு மகள் மிஹோவுக்கு,

நீயும் எமிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவின் இடுப்பு வலியைத் தவிர மற்றதெல்லாம் நலம், கூரையோரம் கட்டித் தொங்கவிட்ட பெர்சிமன் பழங்கள் காய்ந்துவிட்டன, பக்கத்தில் பெரிய கடை வந்த பிறகும் நான் சமைத்து டப்பாவில் வைக்கும் கறிகளுக்காகச் சனங்கள் நம் கடைக்கு வருகிறார்கள்.

போன வாரம் முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். நம் எழுத்தை அவள் மொழிக்கு மாற்றிக் காட்டும் போனை ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் பிடித்துப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள், கடையைச் சுற்றி வந்தும் கூடை காலி. கடைசியில் என்னிடம் வந்து, இதில் மீனோ இறைச்சியோ உண்டா என்று போனைப் பேசவிட்டாள். நான் பூசணிக்காயைப் பார்த்தேன், கீரையைப் பார்த்தேன், மீன் துண்டு எதுவும் கண்ணில் படவில்லை, "ஒண்ணுமே இல்லம்மா, பயப்படாம சாப்பிடு" என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் வாங்கினாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நம்மைப் போலவே கைகூப்பிவிட்டு, டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாம் நாள் பூசணிக்காயை எப்படிச் செய்வது என்று கேட்டாள். நானும் அசடு மாதிரி, பூசணிக்காயை வேகவைக்கச் சாறு இறக்கும் மாசிக் கருவாட்டுச் சீவலைப் பையோடு எடுத்து நீட்டினேன். அதன்மேல் போனைக் காட்டிப் படித்தாள். கையிலிருந்த டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள், குனிந்து வணங்கினாள், போய்விட்டாள். அப்பாவிடம் சொன்னால், "வெறும் சாறுதானே, மீனயா போட்டுக் குடுத்த, இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு" என்கிறார். ஐந்து வருஷத்துக்கு முன் புத்தாண்டன்று நான் உன்னிடம் பேசிய பேச்சு அதுதான்.

மிஹோ, அந்தப் பெண் விஷயத்தில் நான் தெரியாமல் செய்தேன். நம் நாக்குக்கு அது மீனாகவே படுவதில்லை. ஆனால் எமில் விஷயத்தில் தெரிந்தே செய்தேன். அவர் மீன், இறைச்சி தொடமாட்டார், மீன் சாறுகூட ஆகாது என்று நீ முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தாய். ஒரு தடவை ருசி பட்டால் மாப்பிள்ளை மாறிவிடுவார் என்று நினைத்து, புத்தாண்டு சூப்பில் அதே சாற்றை ஊற்றினேன். அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டபோது உள்ளுக்குள் சிரித்தேன். குப்பையில் நீ கருவாட்டுப் பையைக் கண்டு கேட்டபோதும் மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன், வெறும் சாறுதானே என்றும் வாயடித்தேன். மறுநாள் காலையில் கிளம்பிப் போனீர்கள், அதன் பிறகு நீ வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அன்றே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், வீம்பு விடவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது கடற்பாசியும் உலர்ந்த காளானும் ஊறவைத்துச் சாறு எடுக்கிறேன். முதல் நாள் அப்பா "என்னமோ கொறையுதே" என்றார், மூன்றாம் நாள் இன்னொரு முறை ஊற்றச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். மீன் வாடையே படாத புதுப் பாத்திரம் ஒன்று வாங்கி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். இந்தப் புத்தாண்டுக்கு வாருங்கள்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். இந்தக் கடிதத்தை எமிலுக்கு ஒரு வரி விடாமல் படித்துச் சொல். ஒன்று மறக்காதே, வரும்போது அவரையும் அந்தப் பெண் வைத்திருந்த மாதிரி போனைக் கொண்டுவரச் சொல். என் சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு பாக்கெட்டையும் அவரே படித்துப் பார்க்கட்டும், அதுவரை நான் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன்.

உன் அம்மா,
தொகிவே